ஆளுக்கு இருபது அடி

— சத்தியமாச் சொல்றேன் தேவசேனா மேடம். நான் சொல்லப்போறதுல ஒரு சொல்லு பொய்யா இருந்தாலும் இந்த மலையை விட்டே இறங்கிடறேன்.

— அதைத்தான் நானும் எழுதப்போறேன், குழந்தைவேல் சார். இன்ஸ்பெக்‌ஷனுக்குன்னு இவ்வளவு தூரம் மலையேறி வந்தா, பத்தாம் வகுப்புல அந்த நானூறு அடிப் பழம்பாட்டை ஒரு ஸ்டூடண்டுக்குக்கூட முழுசாச் சொல்லத் தெரியல. ஸ்கூல் விடறதுக்குள்ள ஒருத்தராவது சொல்லணும். இல்லேன்னா உங்களுக்கு டிரான்ஸ்ஃபர்தான்.

— ரிட்டயராக அஞ்சே மாசம் கெடக்கு மேடம். வீட்டை இங்க கட்டிப்புட்டேன். இனிமே கீழ போய் வெயில்ல வேகணுமா? நடந்ததைக் கேட்டுட்டு எழுதுங்க. மொதல்ல வகுப்புலதான் நடத்தினேன். பத்தாவது அடியிலேயே அத்தனை பிள்ளைகளும் தூங்கிருச்சு. விக்னேஷ் தூங்கின தூக்கத்துல, ஜன்னல் வழியா வந்த மூடுபனி அவன்மேலயே படிஞ்சுபோச்சு. துண்டால தொடைச்சுத்தான் பையனைக் கண்டுபிடிச்சோம்.

— வெரி நைஸ். அப்புறம்?

— அப்புறம் நம்ம ஊர்ப் பிச்சையாவோட பூண்டுக் காட்டுக்குக் கூட்டிட்டுப் போனேன். ஒரு பூண்டுப் பல்லு ஊனினா ஒரு அடி சொல்லணும். அப்ப பக்கத்துல கேரட்டை மேய ஒரு காட்டுமாடு வந்துச்சு. பாட்டை மரியாதையா நின்னு கேட்டுச்சு. புத்தகத்தைப் பார்த்துப் பொருள் சொன்னேன், கொட்டாவி விட்டுச்சு. இலக்கணக் குறிப்புன்னு வாயெடுத்ததுதான் தாமசம், கிளாவரையைத் தாண்டிக் கேரளா எல்லையிலதான் போய் நின்னுச்சு.

— போய்ச் சேர்ந்துட்டேன்னு போன் பண்ணுச்சா?

— டீக்கடையில பேசிக்கிட்டாங்க. மறுநாளே, மாட்டை விரட்டப் பாட்டும் குறிப்பும் சொல்ற பிள்ளை வேணும்னு ஊர்ல போட்டி. பிச்சையா காவலுக்கு ஒரு பிள்ளையைக் கேட்டாரு, பக்கத்துக் காட்டுப் பாண்டியம்மாள் ரெண்டு கேட்டாங்க. யாரு பொல்லாப்பும் வேணாம்னு பாட்டை வகுத்துட்டேன். நானூறு அடி, இருபது பிள்ளைக. ஆளுக்கு இருபது, ஆளுக்கொரு காடு. மீதியே வரல. இப்ப முகேஷுக்குப் போர் நடக்குற இருபது அடி மட்டுந்தான் தெரியும். யாரு ஜெயிச்சான்னு கேக்கணும்னா முருகேஸ்வரி நிக்கிற காட்டுக்குப் போகணும்.

— முழுப்பாட்டும் கேக்கணும்னா?

— ஊரைச் சுத்தணும். வெள்ளனே கெளம்பினா மத்தியானத்துக்குள்ள பாட்டுல வர்ற கல்யாணம் வரைக்கும் போயிரலாம்.

— எனக்கு அவ்வளவு டைம் இல்ல சார். பிள்ளைங்களை விடுங்க. பாடம் எடுத்தது நீங்கதானே? நீங்களே முழுசாச் சொல்லிடுங்க, டிரான்ஸ்ஃபரை மறந்துடறேன். ம், முதல் அடி.

— எனக்கு எப்படி மேடம் தெரியும்? நான் கணக்கு வாத்தியாரு. தமிழுக்கு ஒரு ஆளு போடுங்கன்னு நாலு வருஷமா உங்க ஆபீசுக்கு எழுதிக்கிட்டிருக்கோம்.