வளையம் இல்லாத விசை

நம் ஊர்க் குளிரில் கையுறையோடு மூக்கைக்கூட ஒழுங்காகச் சிந்த முடியாது. பின்லாந்தில் பிறந்த உங்களுக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை, கேப்டன். என் வாழ்நாள் வேலையே இதிலிருந்துதான் தொடங்கியது.

போர்க்காலத்தில் துப்பாக்கி விசையை இழுப்பதற்காகக் கையுறையைக் கழற்றியவர்கள் பலர். வெறும் விரல் இரும்பில் ஒட்டிக்கொள்ளும். பிரித்தால் தோல் அங்கேயே தங்கிவிடும். ஆகவே, படைக்குப் புதிய இலகு இயந்திரத் துப்பாக்கி செய்யும் வேலை எங்கள் பட்டறைக்கு வந்தபோது நான் ஒன்றே ஒன்றுதான் சொன்னேன். விசையைச் சுற்றியிருக்கும் காப்பு வளையத்தை எடுத்துவிடுங்கள். கையுறையோடு சுடலாம், எடையும் குறையும்.

எடை குறையும் என்றதும் படையின் தேர்வுக் குழுவினரின் முகம் மலர்ந்தது. அதுவரை அவர்கள் செய்த வேலை, துப்பாக்கியைத் தூக்கிப் பார்த்து, "கனம்" என்று சொல்லிவிட்டுக் காப்பி குடிக்கப் போனதுதான். அன்றிலிருந்து நான் பட்டறையில் 'கையுறை மேஸ்திரி' ஆனேன். சோதனைப் பிரிவும் என் பொறுப்புக்கு வந்தது.

ஒன்னி பார்சினென் நல்ல பையன். புதிதாகச் சேர்ந்த பொறியாளர். அவன்மேல் எனக்குக் கோபம் எதுவும் இல்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒருநாள் காப்பி வேளையில் என் மேசைக்கு வந்தான்.

"மேஸ்திரி, ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டீங்களே?"

"சொல்லு. கோவிச்சுக்கறதா வேணாமான்னு அப்புறம் பாக்கலாம்."

"விசை இப்படி அம்மணமா நிக்குதே. பாதுகாப்புப் பூட்டு தொறந்திருந்தா, ஒரு மரக்கிளை மாட்டி இழுத்தாக்கூட சுட்டுடும். பெரிய வளையமா வெச்சுட்டா கையுறையும் நுழையும், ஆபத்தும் இல்ல."

"மரக்கிளைக்கெல்லாம் ராணுவத்துல வேலை குடுக்கறதில்லப்பா."

எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். ஆனால் விடவில்லை. குழுத் தலைவர் கர்னல் ஹால்மே வந்திருந்தபோது சவுனாவில் நீராவிக் குளியலின்போது அவரிடமே சொல்லிவிட்டான். சவுனாவில் பதவி கிடையாது. துணியில்லாத கர்னலிடம் துணியில்லாத யாரும் எதையும் பேசலாம். நல்ல வழக்கம்தான். நானும் மேல்படியில் உட்கார்ந்திருந்தேன்.

"பையன் சொல்றது சரியாத்தானே படுது. நீ என்னப்பா சொல்றே, தாவெத்தி?" என்று என்னைக் கேட்டார் கர்னல்.

நான் சூடான கற்கள்மேல் ஓர் அகப்பை தண்ணீர் ஊற்றினேன். ஆவியில் யார் முகமும் தெரியவில்லை.

"சரி, அடுத்த சோதனையில பாத்துடுவோம். கிளை பட்டு சுட்டுச்சுன்னா வளையம் வெச்சுடுங்க" என்றார்.

ஆக, பார்க்கச் சொன்னது கர்னல். நான் பார்த்தேன்.

சோதனை எளிமையானது. பனிச்சறுக்குக் கட்டைகளில் காட்டைக் கடந்து, மேட்டை அடைந்ததும் சுட வேண்டும். துப்பாக்கியைக் குழாய் முன்பக்கம் பார்க்க மார்பில் தொங்கவிட்டுக்கொண்டு வந்தவன் சூலோ என்ற சிப்பாய். புறப்படும்போது அவனுக்கு ஒரு சந்தேகம்.

"பூட்டைத் தொறந்தேவா வெச்சுக்கணும், மேஸ்திரி?"

"எதிரி வந்து, 'தம்பி, பூட்டைத் தொறந்துக்க, நான் நிக்கறேன்'னு சொல்லுவானா?"

திறந்துகொண்டான். புதுப்பனியில் தடம் போட முன்னால் ஓர் ஆள் வேண்டும். ஒன்னியைவிட நன்றாகச் சறுக்குகிறவர் பட்டறையில் இல்லை. கேட்டேன், சந்தோஷமாக வந்தான். அவனுக்குப் பின்னால் நான், எனக்குப் பின்னால் சூலோ.

காட்டுத் தடத்தில் முன்னால் போகிறவர் கிளையை ஒதுக்கிப் பிடித்து, பின்னால் வருகிறவருக்கு வழி விடுவார். இது மரியாதை. நானும் தடத்தைவிட்டு விலகி நின்று ஒரு பிர்ச் மரக் கிளையை வளைத்துப் பிடித்தேன். சூலோ எதிரே வந்ததும் விட்டேன். துப்பாக்கிமேல் பட்டது. சுடவில்லை.

"புடிச்சா ஒழுங்காப் புடிங்க மேஸ்திரி, இல்ல விட்டுடுங்க. மூஞ்சி எரியுது" என்றான் சூலோ.

அவனை முந்திக்கொண்டு போய் இன்னொரு கிளையைப் பிடித்தேன். அதற்கும் சுடவில்லை. என் பக்கம்தான் நியாயம் என்று அங்கேயே தெரிந்துவிட்டது. ஆனால் இரண்டும் மெல்லிய கிளைகள். நேர்மையான சோதனையாளன் மெல்லிய கிளையோடு நிறுத்திக்கொள்ள மாட்டான். அடுத்து, உறைந்து இறுகிய ஒரு கவட்டைக் கிளையைத் தேர்ந்தெடுத்தேன். கவட்டை விசைக்கு நேராக வரும்படி வளைத்துப் பிடித்தேன்.

ஏன் தடத்தைவிட்டு விலகி நின்றேன் என்று கேட்கிறீர்கள். சோதிக்கிறவர் குழாய்க்கு முன்னால் நிற்கக் கூடாது என்பது விதி. ஒன்னிக்கும் அந்த விதி தெரியும். குழாய் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று கவனித்தேனா என்றால், கவனித்தேன். ஒன்னியின் முதுகில் ஒரு நீலப் பை இருந்தது. கவனிக்காமல் சோதனை செய்வது பொறுப்பற்ற செயல்.

விட்டேன்.

தோட்டாப் பட்டை சீராக ஓடியது. அந்தக் குளிரிலும் எங்கும் சிக்கவில்லை. இதை நீங்கள் கர்னலிடம் சொல்ல வேண்டும். ஒன்னி திரும்பிப் பார்க்கவில்லை. அப்படியே முன்னால் விழுந்துவிட்டான்.

கையுறை பட்டுச் சுட்டுவிட்டது என்று நினைத்து சூலோவைப் பூட்டி வைத்தீர்கள். ராவும் பகலும் அழுகிறான் என்றார்கள். அவனுக்காகத்தான் வந்தேன் என்று நினைக்க வேண்டாம்; அவன் அழுது முடித்துவிடுவான். நேற்று கர்னல் தந்தி அடித்திருக்கிறார்: எல்லாத் துப்பாக்கிகளுக்கும் வளையம் வைக்க வேண்டுமாம். பட்டறையில் அதற்கு 'ஒன்னி வளையம்' என்று பெயரே வைத்துவிட்டார்கள்.

அதனால்தான் சொல்கிறேன். அது சூலோவின் கையுறையும் இல்லை, காற்றில் ஆடிய கிளையும் இல்லை. நான் குறிபார்த்து விட்ட கிளை. ஒன்னியைக் கொன்றது நான். துப்பாக்கிமேல் ஒரு குறையும் இல்லை. என்னை என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளுங்கள். ஆனால் மூன்று கிளைகளில் இரண்டுக்கு அது சுடவே இல்லை என்பதைக் குழு நியாயமாக யோசித்துப் பார்க்க வேண்டும்.