வால்வு மூடி

— அண்ணே, அக்கா சைக்கிளை உருட்டிக்கிட்டு உள்ள வர்றதுக்குள்ள ஒண்ணு சொல்லிடறேன். எங்க வீட்ல யாரும் அவ தோளைப் பத்திக் கேக்க மாட்டோம். அவ கையில இருக்கிற சாமானையும் வாங்க மாட்டோம். யாரும் போட்ட சட்டம் இல்ல; ஆனா இதுவரைக்கும் யாரும் மீறினதில்ல.

— தோளுக்கு என்ன தம்பி?

— வலது தோள். ரெண்டு மாசத்துக்கு முன்னாடி சைக்கிளோட விழுந்தா. அன்னைக்குக் கேட்டதுக்கு, "எனக்கு ஒண்ணுமில்ல, ரோட்டுக்குத்தான் அடி"ன்னா. அதோட யாரும் கேக்கறதில்ல.

— சரி, சைக்கிள் பம்பு வாங்க வந்த இடத்துல இது எதுக்கு?

— மருந்துக்கடையிலேர்ந்து வீடு வீடா மருந்து கொண்டுபோய்க் குடுக்கிறது அவ வேலை. டயருக்குக் காத்து முழுசா ஏத்த முடியல அவளால. பாதியில நிறுத்திட்டு "போதும்"பா. அவ குளிக்கப் போற நேரமாப் பாத்து மிச்சத்தை நான் அடிச்சு வச்சுடுவேன். போன வாரம் நான் ஊர்ல இல்ல. காத்துப் பத்தாம, குழியில இறங்கி ரெண்டு தடவை டியூப்பு வெட்டிக்கிச்சு. இன்னொரு தரம் மருந்து தாமதமானா வேற ஆளைப் போட்டுடுவேன்னு முதலாளி சொல்லிட்டார். திங்கக்கிழமையிலேர்ந்து எனக்கு வெளியூர்ல வேலை. அப்புறம் யாரு அடிப்பா?

— ஆக, தோளைப் பத்திப் பேசாமலே தோளுக்கு ஏத்த பம்பைக் காட்டணும். நல்ல வேலை குடுத்தீங்க!

— உஷ், வந்துட்டா.

— என்னடா, அண்ணன் காதுல என்ன ஓதுற?

— எது நாள்பட உழைக்கும்னு கேட்டேன்க்கா.

— நான் சொல்றேன் கேளுங்கண்ணே. எங்க வீட்டுப் பம்பு சரியான துரோகி. நாப்பது பவுண்டு காத்து வரைக்கும் கூடவே வருவான். அப்புறம் கல்லு மாதிரி நின்னுக்குவான். எனக்கு அறுபது வேணும். ஏமாத்தாதவனா ஒருத்தனைக் காட்டுங்க.

— இதைப் பாருங்கம்மா. இரும்புக் குழல், அகலமான கால், மீட்டர் மேலேயே இருக்கு, குனிய வேண்டாம். கண்ணால பாத்து வாங்குற சாமான் இல்ல இது. முன் டயர்ல காத்தை இறக்கிட்டேன், நீங்களே அடிச்சுப் பாருங்க.

— குடுங்க. இருபது... முப்பது... ஹூம்... நாப்பது... ம்ஹூம். இவனும் அவன் பங்காளிதான்!

— அது... குழலுக்குள்ள இருக்கிற வாசர் புதுசு. இன்னும் எண்ணெய் பிடிக்கல போல.

— ஆமாக்கா, எண்ணெய் பிடிக்கல.

— நீ எப்போடா பம்புக்கு டாக்டர் ஆன? அண்ணே, அந்த மஞ்சளை எடுங்க.

— அது பிளாஸ்டிக் கால். ஏறி மிதிக்க மிதிக்க விரிசல் விட்டுடும்.

— இருக்கட்டும். காத்தை இறக்குங்க... இந்தா பாருங்க, இவனும் நாப்பதுலயே படுத்துட்டான். இதுக்கு என்ன சாக்கு?

— இதுக்கு... மீட்டர் பொய் சொல்லுது.

— உங்க கடையில யோக்கியமான சாமான் ஒண்ணுகூட இல்லையாண்ணே?

— இருக்கும்மா. மூலையில நிக்குது பாருங்க, ஒல்லிக் குழல். யாரும் அதைத் திரும்பிப் பாக்கிறதில்ல. ஒரு அடிக்குக் கொஞ்சம் காத்துதான் போகும், ரொம்ப நேரம் அடிக்கணும். ஆனா டயர் இறுக இறுகக் கையை எதிர்த்து முட்டாது. அதை நான்... வந்து... பொறுமைசாலிங்களுக்குத்தான் குடுக்கிறது.

— எனக்குப் பொறுமையா? டேய், சிரிக்காத.

— சிரிக்கலக்கா.

— சரி, பாத்துடுவோம்... அட, லேசா இருக்கே. முப்பது. நாப்பது. இங்கதான் எல்லாப் பயலும் காலை வாரினானுங்க. அம்பது... டேய், மீட்டரைப் பாருடா!

— பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்க்கா.

— அறுபது! அண்ணே, முள்ளு அப்படியே நிக்குது!

— நிக்கும். இரும்புக் கால், தோல் வாசர். காய்ஞ்சா ரெண்டு சொட்டு எண்ணெய் விடுங்க. தேய்ஞ்சா வாசரை மட்டும் மாத்திக்கலாம், பம்பைத் தூக்கிப் போட வேண்டாம். இதைத்தான் நான் நம்பகம்னு சொல்வேன்.

— அப்பாடா!

— என்னடா இது? அடிச்சது நான், மூச்சு விடறது நீயா?

— சும்மாதான்க்கா.

— சும்மாவா? ஒண்ணு கேக்கறேன், சொல்லு. வால்வு மூடியை நான் என்னைக்காவது திருப்பிப் போட்டிருக்கேனா?

— எங்க போட்ட? கழட்டி ஜன்னல்ல வச்சுட்டு மறந்துடுவ.

— அப்போ தினம் நான் குளிச்சுட்டு வர்றப்போ ரெண்டு சக்கரத்துலயும் மூடி இறுக்கிப் போட்டிருக்குமே, பேய் வந்து போட்டுச்சா?

— அக்கா! உனக்குத் தெரியுமா?

— முதல் நாளே தெரியும். நீயும் காட்டிக்கல, நானும் காட்டிக்கல. நீ ஊருக்குப் போனா என்ன பண்ணப் போறேன்னு எனக்குள்ளயும் உதறல்தான். இப்ப இல்ல. இனிமே மூடியை நானே போட்டுக்குவேன். அண்ணே, நீங்க அந்த ரெண்டு நல்ல பம்பு மேலயும் அபாண்டமாப் பழி போட்டீங்களே, அதையும் மன்னிச்சுட்டேன். இதைக் கட்டுங்க.

— கட்டியாச்சும்மா. கொஞ்சம் கனம்... அதாவது, இரும்பு இல்லையா, அதைச் சொன்னேன்.

— அக்கா, நான் வேணா... இல்ல, ஒண்ணுமில்ல.

— என்னடா, மீன் மாதிரி வாயைத் திறந்து திறந்து மூடுற? இந்தா, பம்பை நீ பிடி. எனக்குத் தோள் வலிக்குது.