முன்பல் விழுந்ததே சான்று

முப்பத்தொரு ஆண்டுகள் கற்பித்து, அவற்றுள் பதினான்கு ஆண்டுகள் எம் பள்ளியின் தலைமையாசிரியையாய்த் தலைநிமிர்ந்து நின்று, இன்று மாலையோடு பணி நிறைவு பெறும் பெரிய டீச்சர் அவர்களுக்கு, உடன் உழைத்தோர் உளமாரப் படைக்கும் மடல்

வாயிலில் வந்து நின்ற பிள்ளையை ‘வா’ என்று மட்டுமே சொல்லத் தெரிந்தவரே! சான்றிதழ் தேடிச் சலித்த தாய்மாருக்குச் சாய்ந்துகொள்ளத் தோள் தந்தவரே! அதிகாரம் அதட்டியபோது அசையாமலும், அரங்கங்கள் ஆர்ப்பரித்தபோது மயங்காமலும் நின்றவரே! வணக்கம்.

இம்மடலை எழுதும் பொறுப்பு பள்ளி எழுத்தரான என் தலையில் விழுந்தது. இதற்குமுன் ஓய்வு பெற்றோர்க்கெல்லாம் பீரோவில் இருந்த ஒரே மடலில் பெயரை மட்டும் மாற்றி வாசித்தோம் என்பது ஊரறிந்த ரகசியம். கருணைக் கடல், கடமை வீரர், பொறுமையின் இருப்பிடம் என்று அதில் எல்லோருக்கும் எல்லாம் உண்டு. தங்களைப் பொறுமையின் இருப்பிடம் என்று நான் வாசித்தால் ஆசிரியர் அறையே சிரித்துவிடும். ஆகவே புதிதாக எழுதினேன்.

புதிதாக எழுத வேறொரு காரணமும் உண்டு. சென்ற வாரம் மேலிடத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. பிறப்புச் சான்றிதழ் இன்றிச் சேர்க்கப்பட்ட முப்பத்தேழு பிள்ளைகளின் பெயர்களை நாளைக்குள் பதிவேட்டிலிருந்து நீக்க வேண்டும் என்பது ஆணை. தாங்கள் பணி நிறைவு பெறும் நாளுக்கு மறுநாளாகப் பார்த்துக் குறித்த நுட்பத்தை வியக்கிறோம். அதில் ஒப்பமிட்ட அலுவலர் ஐயா மேடையில் மூன்றாம் நாற்காலியில் அமர்ந்திருக்கிறார். அவரையும் அன்போடு வரவேற்கிறோம்.

அம்மையீர், தாங்கள் பொறுப்பேற்ற முதல் வாரத்திலேயே சேர்க்கை மேசையை அலுவலக அறையிலிருந்து தூக்கிவரச் செய்து வாயிலருகே போட்டீர்கள். சேர்க்கைக்கு நாள் குறிக்கும் வழக்கத்தையும் அன்றே ஒழித்தீர்கள். கட்டட வேலைக்கு வந்த ஒரு பெண், பாதி ஆண்டு கழிந்தபின் மகளைக் கூட்டிவந்து, “எங்ககிட்ட ஒரு காகிதமும் இல்லைங்க. நாலு மாசத்துல வேற எடத்துக்குப் போயிடுவோம்” என்று தயங்கி நின்றாள். “நாலு மாசம் படிக்கட்டும்மா. அதுக்குள்ள எழுத்துக்கூட்டிப் படிக்க வந்துடும்” என்றீர்கள். என் பக்கம் திரும்பி, எந்தக் கட்டத்தையும் காலியாக விடாமல் கண்ணால் கண்டதை எழுதச் சொன்னீர்கள்.

பிறந்த தேதிக்கான சான்று என்ற கட்டத்தில் நான் கண்ணால் கண்டதையே எழுதினேன்: ‘முன்பல் இரண்டு விழுந்துள்ளது.’

அது என் பிழைதான். அந்த ஆண்டு பதினொரு பிள்ளைகளுக்கு அப்படியே எழுதிவைத்தேன். ஆய்வுக்கு வந்த அதிகாரி பதிவேட்டைப் புரட்டி, “என்னம்மா இது கூத்து?” என்றபோது நான் அடித்துத் திருத்தப் பேனாவைத் தேடினேன். தாங்களோ அச்சிறுமியை அழைத்து, “வாயைத் திறந்து காட்டு கண்ணு. சார், ஆறு வயசுன்னா இப்படித்தான் இருக்கும். நீங்களே பாருங்க” என்றீர்கள். அவர் பார்த்தார். ஓரத்தில் சுருக்கொப்பமும் இட்டார். அன்றுமுதல் நான் செய்த பிழை நம் பள்ளியின் முறையாயிற்று.

அந்த முறையைப் பொதுமேடைகளுக்கும் விசாரணைக் குழுக்களுக்கும் எடுத்துச் சென்றீர்கள். தொலைக்காட்சி விவாதத்தில் ஒருவர், “விதின்னு ஒண்ணு இருக்கில்லையா?” என்று மடக்கினார். “இருக்கு சார். ஆறு வயசுன்னும் ஒண்ணு இருக்கு. அது மறுபடி வராது” என்றீர்கள். நாடெங்கும் அதைத் திருப்பிச் சொன்னார்கள். அடுத்த வாரமே தற்காலிகப் பணிநீக்க ஆணை வந்தது. வளாகத்துக்குள் கால் வைக்கக் கூடாது என்றார்கள். தாங்கள் மேசையை ஒரு முழம் வெளியே தள்ளிப் போட்டு அமர்ந்தீர்கள். மழையில் காவலாளி அண்ணன் குடை பிடிக்க, தாங்கள் படிவங்களை வாயிற்கதவின் கம்பி வழியே நீட்ட, நான் உள்ளிருந்து வாங்கி எழுதினேன். ஆணையைத் திரும்பப் பெறும்வரையான அந்தப் பத்தொன்பது நாள்களில்தான் அதிகம் பேர் சேர்ந்தார்கள்.

தங்களிடம் குறையே இல்லையென்று பொய் சொல்ல மாட்டோம். தங்கள் கையெழுத்தைப் படிக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். தேநீர் வேளையில் மிகச்சரியாகக் கூட்டம் போடுவீர்கள். நேற்று விழா ஏற்பாடுகளைக் காட்ட வந்தபோதும் ஒரு பார்வை பாராமல், “நாளன்னைக்கு யாரு மேசையில உக்காருவீங்க?” என்று கேட்டீர்கள். அதற்கான விடையைத்தான் இப்போது வாசிக்கிறேன்.

ஒரு பெயரை நீக்க வகுப்பாசிரியர், எழுத்தர், தலைமையாசிரியர் என மூவரின் ஒப்பம் வேண்டும். நாளை தலைமைப் பொறுப்பேற்கும் கணக்கு வாத்தியார், எதில் ஒப்பமிடுவதற்கு முன்பும் மூன்று முறை கண்ணாடியைத் துடைப்பவர். நேற்று மாலை அவர் துடைக்கவில்லை. “எனக்குப் பயமாத்தான் இருக்கு. நானே மொதல்ல போட்டாத்தான் நீங்களும் போடுவீங்க” என்று இம்மடலின் கீழே முதல் ஒப்பம் இட்டார். அவருக்குப் பின் மற்ற இருபத்தொரு பேரும் இட்டோம். முப்பத்தேழு பெயர்களில் ஒன்றையும் நீக்க மாட்டோம் என்பதற்கு இட்ட ஒப்பம் அது. வேலை போனாலும் போகட்டும் என்று பேசித்தான் இட்டோம்.

சட்டமிட்ட மடல் தங்களுக்கு. சுற்றறிக்கைக்கு எங்கள் பதிலாக இதன் நகல், மூன்றாம் நாற்காலியில் இருக்கும் ஐயாவுக்கு. இதோ கொண்டுவந்து தருகிறேன். பெற்றுக்கொண்டதாக அனுப்புகைப் பதிவேட்டில் ஒப்பமிடுமாறு பணிவுடன் வேண்டுகிறேன். பேனா என்னிடம் உண்டு.

ஓய்ந்திருங்கள் என்று தங்களை வாழ்த்த எங்களுக்கு மனம் வரவில்லை. நோயற்று, குரல் தேயாமல், கோபம் குறையாமல் நூறாண்டு வாழுங்கள். தங்கள் கேள்விக்கு விடை: முறைவைத்து எல்லோரும் உட்காருவோம்.

இங்ஙனம்,
பொறுப்புத் தலைமையாசிரியர் (கணக்கு), ஆசிரியர்கள் பதினெட்டுப் பேர், ஆயாம்மா, காவலாளி, எழுத்தர்

நாளைக் காலை எட்டரை மணிக்கு மேசை வாயிலில் இருக்கும். முதல் முறை என்னுடையது.