பச்சை மைக்காரர்

அதுக்கு மட்டும் கோடு போட்டுடாதீங்க சார். கொஞ்சம் பொறுங்க. மத்த நாப்பது புத்தகத்துக்கு நான் வாயத் தொறந்தேனா? கோழி வளர்ப்பு போகட்டும், கடிதம் எழுதும் முறை போகட்டும், கரையான் தின்னதெல்லாம் தாராளமா போகட்டும். இது இருக்கட்டும். வருஷத்துக்கு ரெண்டு பேராவது எடுக்கலன்னா கழிச்சிடணும்னு உங்க உத்தரவு, சரி. அதான் எடுத்திருக்காங்களே. பின்னட்டையத் தொறந்து பாருங்க.

உக்காந்து பாருங்க. அது ஆடும், இந்த நாற்காலிய எடுத்துக்குங்க. அவசரமே இல்ல, இன்னிக்கு யாரும் வரமாட்டாங்க. இன்னிக்கு என்ன, என்னிக்குமேதான். காலைல ஒருத்தர் வந்தாரு, மணி கேட்டுட்டுப் போயிட்டாரு.

நீங்க படிச்சதில்லையா? அளவு நாடா, பேரு கூடக் கேள்விப்பட்டதில்ல? அது சரி, நீங்க பொறந்திருக்கவே மாட்டீங்க. நான் வேலைல சேந்த புதுசு. ஊர் ரெண்டுபட்டா கூத்தாடிக்குக் கொண்டாட்டம்பாங்க, அப்போ கொண்டாட்டம் நூலகத்துக்குத்தான். கதை ஒண்ணுமில்ல. புருஷன் இல்லாத ஒரு தையல்காரி. ஊர் ஒழுக்கத்தக் காப்பாத்தணும்னு பத்துப் பெரிய மனுஷங்க ஒரு சங்கம் வெச்சிருக்காங்க. அத்தன பேருக்கும் சங்கத்துக் கோட்டு தைக்கறது இவ. நாடாவ எடுத்துக்கிட்டு இவ கிட்ட போனதும் ஒவ்வொருத்தரும் எப்படி வழியறாங்க, யாரு வயித்த உள்ள இழுத்துக்கறாங்க, இவளுக்கு யாரப் பிடிக்குது, அதான். ஆமா, மத்ததும் இருக்கு. நிறையவே இருக்கு. நான் ஏன் மறைக்கணும், இந்த வயசுல?

அலமாரில வைக்கக் கூடாதுன்னுட்டாங்க. இந்த இழுப்பறைல பூட்டி வெச்சு, கேட்டா மட்டும் குடுக்கணும். கேக்கறதுன்னா என்கிட்டதான் கேக்கணும். கேட்ட அழகப் பாத்திருக்கணும் நீங்க! காய்கறித் தோட்டம்னு ஒரு புத்தகத்த மேஜைல வெச்சிட்டு, கூரையப் பாத்துக்கிட்டே, அப்புறம்... அந்த இன்னொண்ணும்னு இழுப்பாங்க. காய்கறித் தோட்டம் அந்த ஒரு வருஷத்துல அறுபது தடவ வெளிய போச்சு. ஒரு வீட்லயும் ஒரு கீரை முளைச்ச மாதிரி தெரியல.

அப்போ இருந்த நூலகர்தான் எல்லாப் புத்தகத்துக்கும் பின்னால வாசகர் கருத்துன்னு ஒரு தாள் ஒட்டினாரு. பேரு போட வேணாம். மத்ததுல எல்லாம் நன்று, பயனுள்ளதுன்னு ரெண்டு வரி. இதுக்கு மட்டும் தாள் மேல தாள் ஒட்டி, எண்ணிப் பாருங்க, பதினொண்ணு. படிங்களேன். வயிறு வலிக்கச் சிரித்தேன், இப்படிக்கு ஒரு பல் மருத்துவர். அதுக்குக் கீழயே, இதை எரிக்க வேண்டும். அடுத்து, சொன்ன அளவுக்கு ஒன்றுமில்லை, ஏமாற்றம். அது காலேஜ் பையன், சந்தேகமே வேணாம். இது யாருன்னு எனக்கு இன்னிவரைக்கும் தெரியல: மனைவிக்குப் படித்துக் காட்டினேன், இரண்டு நாள் பேசவில்லை, மூன்றாம் நாள் மீதியையும் படிக்கச் சொன்னாள். நல்லா இருக்கட்டும் ரெண்டு பேரும்.

இப்ப வர்றாரு பாருங்க, அந்தக் கூத்தெல்லாம் அடங்கிப் பல வருஷம் கழிச்சு, பச்சை மைக்காரர். ஆபாசக் குப்பை. குறிப்பாகப் பக்கம் 84, 91, 112, 113. கண்ல வெளக்கெண்ணெய ஊத்திக்கிட்டுத் தேடியிருக்காரு மனுஷன்! அதுக்குக் கீழ பென்சில்ல ஒருத்தி: 84இல் அவள் நாடாவைத்தான் பிடித்திருக்கிறாள், நடுங்குவது தலைவரின் கை, குப்பை யாரிடம் இருக்கிறது? பதினாலே நாள்தான். மறுபடி எடுத்துட்டாரு. மீண்டும் பார்த்தேன், கை விஷயம் உண்மை, ஆனாலும் குப்பை.

இப்படியே ஆறு வருஷம் சார். அவரு ஒண்ணு சொல்ல, அவ ஒண்ணு சொல்ல. நல்ல குடும்பத்துப் பெண்களை இழிவுபடுத்துகிறதுன்னு இவரு. புருஷன் போனபின் உடம்பும் கூடவே போய்விடவில்லை என்பதா இழிவுன்னு அவ. அதுக்கு அவரு ரெண்டு மாசம் பதிலே போடல. அப்புறம் இத எழுதினாரு, இத மட்டும் நீங்களே படிங்க. அப்பா இறந்தபோது என் அம்மாவுக்கு முப்பது வயது. அவளைப் பற்றி நான் இப்படி யோசித்ததே இல்லை. யோசிக்க வைத்த புத்தகத்தை மன்னிக்க முடியவில்லை.

எப்படி சார், குப்பைன்னு கோடு போட்டுடுவீங்களா?

பாத்திருக்கேனே, தெரியாம என்ன. பஸ் டிப்போல டைம் கீப்பரு. சம்சாரம் தவறிட்டாங்க, தனி ஆளு. சட்டைப் பையில பச்சைப் பேனா எட்டிப் பாக்கும். புத்தகத்த வாங்கறப்பவே கேப்பாரு, யாரு மேடம் இந்தப் பென்சில்காரி, வெக்கம் மானமே கிடையாதா அவங்களுக்குன்னு. அதே மூச்சுல, இந்த வாரம் வந்தாங்களாம்பாரு. எத்தனையோ பேரு வர்றாங்க, யாரக் கண்டேன்னு தேதி முத்திரையக் குத்தி நீட்டுவேன்.

என்ன, அப்படிப் பாக்கறீங்க? கடைசி ரெண்டு தாளா? பச்சை வேற பச்சையா?

கெட்டிக்காரருதான் தம்பி நீங்க. தம்பின்னுட்டேன், தப்பா எடுத்துக்காதீங்க, என் அண்ணன் பையன் வயசு உங்களுக்கு. ஆமா. ஒன்பது வருஷமா அந்தப் பச்சையும் நான்தான். பென்சில் ஆரம்பத்துலேர்ந்தே நான்தான். வருஷா வருஷம் எடுத்ததா அட்டைல இருக்கற ரெண்டு பேரும் பொய். எழுதிக்குங்க, நான் கையெழுத்துப் போடறேன்.

அவரு என்ன சொல்வாருன்னு எனக்கு அத்துப்படி. அவருக்குன்னு ஒரு முறைப்பு இருக்கு, அது வர்ற வரைக்கும் திருப்பித் திருப்பி எழுதிப் பாப்பேன். சில நாள் அவரே ஜெயிச்சுடுவாரு. சிரிக்காதீங்க. அண்ணன் வீட்டு மாடியறைல இருக்கேன் தம்பி. சாப்பிட்டியான்னு கேப்பாங்க, சாப்பிட்டேம்பேன், அதோட அன்னிக்குப் பேச்சு முடிஞ்சுது. நீ சொல்றது தப்புன்னு என்கிட்ட சொல்றதுக்கு அந்த வீட்ல ஆளு இல்ல. இங்கயும் இல்ல. அது எவ்வளவு பெரிய பசின்னு உங்களுக்குத் தெரியாது, தெரியவும் வேணாம்.

இறந்துட்டாரா? யாரு சொன்னா? நல்லாத்தான் இருக்காரு. ரெண்டு தெரு தள்ளித்தான் வீடு. போன மாசம் மருந்துக் கடைல பாத்தேன், கொஞ்சம் இளைச்சிருக்காரு. இங்க வர்றதில்ல, அவ்வளவுதான்.

ஏன்னா... ஒன்பதாவது தாள்ல அடில பாருங்க. அது அவரோடதுதான், நெசப் பச்சை. பென்சில் வாசகிக்கு: இதை நேரில் சண்டை போட்டுத் தீர்த்துக்கொள்வோம். சனிக்கிழமை மூன்று மணி, பத்திரிகை மேஜை. வெட்கமாக இருந்தால், எனக்கும்தான்.

வந்தாரு. இஸ்திரி போட்ட சட்டை, முடியெல்லாம் வெட்டிக்கிட்டு. அதோ அந்த மேஜைதான், இங்கேர்ந்து பத்தடி. எந்தப் பொம்பள உள்ள வந்தாலும் எந்திரிச்சு நின்னாரு. பேப்பர் புரட்ட வந்த பாட்டிக்கு நின்னாரு, பிள்ளைக்குப் படப் புத்தகம் எடுக்க வந்தவளுக்கு நின்னாரு. நின்னுட்டு, நின்னுட்டு, உக்காந்தாரு. நான் முத்திரையத் துடைச்சுக்கிட்டு இதே இடத்துல இருந்தேன். ஊர் என்ன சொல்லும், அண்ணன் என்ன சொல்வாருன்னு இத்தன வருஷமா எனக்கு நானே ஒரு காரணம் வெச்சிருக்கேன். அதெல்லாம் சும்மா தம்பி. என் மூஞ்சியப் பாத்துட்டு, அட, நீங்கதானான்னு அவரு மூஞ்சி விழுந்துடுமோன்னுதான் பயம்.

ஆறு மணிக்கு நான்தான் கிட்ட போய்ச் சொன்னேன், சார், மூடணும்னு. என்னை யாராவது கேட்டு வந்தாங்களா மேடம்னாரு.

இல்ல சார், யாரும் கேக்கலன்னேன்.