செம்மொழியின் கிரீன் டீ

கிரீன் டீக்குத் தண்ணீர் தளதளவென்று கொதிக்கக் கூடாது. அடியில் சின்னக் குமிழி வரும்போதே இறக்கிவிட வேண்டும். காலை ஐந்தே முக்காலுக்கு எழுவேன். தண்ணீர் வைப்பேன். பையை மூன்று நிமிடம் ஊறவிடுவேன். என் மனைவி செம்மொழி பல் துலக்கிவிட்டு வந்து எடை பார்க்கும் கருவியில் ஏறுவாள். எண்ணைக் காலண்டரில் எழுதுவேன். பிறகு டம்ளரை நீட்டுவேன். ஏழு மாதம் இப்படித்தான்.

"எம் மாப்புள மாதிரி யாருக்கு வாய்க்கும்? காலையில எழுந்து டீ போட்டுக் குடுக்கறாரே" என்று என் மாமியார் ராசம்மாள் உறவுக்காரர்கள் எல்லோரிடமும் சொன்னார். நான் மறுக்கவில்லை.

கல்யாணமான மூன்று வருடத்தில் செம்மொழி எழுபத்தெட்டு கிலோ ஆகியிருந்தாள். அது அவளை உறுத்தவில்லை. என்னையும் உறுத்தவில்லை என்றுதான் நினைத்திருந்தேன். கும்பகோணத்தில் ஒரு கல்யாணப் பந்தியில், என்னோடு கல்லூரியில் படித்த செந்தில்குமார் எதிரே வந்து உட்கார்ந்தான்.

"டேய், அக்காவையும் அழைச்சுட்டு வந்திருக்கியா?"

செம்மொழிதான் பதில் சொன்னாள். "ஆமா தம்பி. சின்னப் புள்ள பாருங்க, தனியா பஸ் ஏறத் தெரியாது. அதான் கையப் புடிச்சு அழைச்சுட்டு வந்தேன்."

பந்தியே சிரித்தது. அவளும் சிரித்தாள். திரும்பி வரும்போது பஸ்ஸில் அவள் பக்கத்தில் இடம் இருந்தது. நான் நான்கு வரிசை முன்னால் போய் உட்கார்ந்துகொண்டேன்.

கிரீன் டீ எடையைக் குறைக்குமா என்றால், மிகக் கொஞ்சம். இரண்டு மாதத்தில் ஒரு கிலோ குறைந்தது. அதற்கும் அவள் இரவில் சோற்றை விட்டதுதான் காரணமாக இருக்கும். அப்போதுதான் கிரீன் டீச் சாற்றை அடைத்த கேப்சூல் வாங்கினேன். அதிகமானால் ஈரலைக் கெடுக்கலாம் என்று வாங்குவதற்கு முன்பே படித்திருந்தேன். படித்ததை இங்கே எழுதிவிட வேண்டும்.

பத்து நாள் விழுங்கினாள். "வயித்தப் பொரட்டுதுங்க. டீ வேணா குடிக்கிறேன், மாத்திரை வேணாம்" என்றாள். சரி என்றேன். மறுநாளிலிருந்து கேப்சூலைப் பிரித்துத் தூளை டீயில் கரைத்தேன். கசப்புக்கு எலுமிச்சை பிழிந்தேன். எடை அசையாமல் நின்றபோது இரண்டு போட்டேன். பிறகு மூன்று.

திருக்காட்டுப்பள்ளியில் எனக்கு உரக்கடை. வேதியியல் படித்தவன். கடைக்கு வருகிற விவசாயிகளிடம் தினமும் சொல்வேன்: "யூரியாவ அள்ளிப் போடாதீங்க. இப்பப் பச்சப்பசேல்னு நிக்கும், அப்புறம் புகையான் பூச்சி விழுந்து கருகிடும்." சொல்லிவிட்டு வீட்டுக்கு வருவேன்.

எட்டு கிலோ குறைந்தது. ரவிக்கைகளைப் பிடித்துத் தைக்கக் கொடுத்தாள். அந்த மாதம் அவளை இரண்டு கல்யாணங்களுக்கு அழைத்துப்போனேன். பஸ்ஸில் பக்கத்திலேயே உட்கார்ந்தேன்.

பிறகு அவள் கண் மஞ்சளானது. அவளுடைய அண்ணன் பகலவன் பார்த்துவிட்டு, "மாப்ள, கண்ணப் பாருங்க. தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்கு அழைச்சுட்டுப் போவோம்" என்றார். மஞ்சள் காமாலைக்கு எங்கள் பக்கத்தில் முதலில் கீழாநெல்லிதான் என்றேன். அது உண்மை. ஆனால் நான் அதற்காகச் சொல்லவில்லை. ஆஸ்பத்திரியில் கேள்வி கேட்பார்கள்.

வைத்தியர் ரெத்தினம் கீழாநெல்லியை அரைத்து மோரில் கொடுத்தார். உப்பு, எண்ணெய், டீ, காபி எதுவும் கூடாது என்று பத்தியம் சொன்னார். கிரீன் டீயும் ஒரு இலைதானே, அது டீயில் சேராது என்று செம்மொழியிடம் சொன்னேன். நிறுத்தினால் எடை ஏறிவிடும் என்று பயந்தேன். பத்தியத்தில் இன்னும் மூன்று கிலோ குறைந்தது. அதையும் காலண்டரில் எழுதினேன்.

பதினோராம் நாள் வாந்தி நிற்கவில்லை. தஞ்சாவூருக்குக் கொண்டுபோனோம். டாக்டர் அஃப்ரீன் கேட்டார்: "வேற ஏதாவது மாத்திரை, பவுடர் எடுத்தாங்களா? உடம்பு இளைக்க ஏதாவது? காரணம் தெரிஞ்சா எங்களுக்கு உதவியா இருக்கும்."

பகலவன் பக்கத்தில் நின்றார். "கீழாநெல்லி மட்டும்தான்" என்றேன்.

மறுநாள் காலை டாக்டர் என்னைத் தனியாக அழைத்து அதையே கேட்டார். அப்போது பக்கத்தில் யாரும் இல்லை. அப்போதும் அதையேதான் சொன்னேன்.

நான்காம் நாள் செம்மொழி இறந்துபோனாள். காரியம் முடிந்ததும் பகலவன் நேராக வைத்தியர் வீட்டுக்குப் போய், வாசலில் வைத்து அவரை அடித்தார். அறுபது வயதுக்காரர். திருப்பி அடிக்கவில்லை, மருந்தில் குறையில்லை என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார். நான் தெருவில் நின்று பார்த்தேன். வைத்தியத்தை அவர் அதோடு விட்டுவிட்டார்.

என் மீது யாருக்கும் சந்தேகம் இல்லை. கடைசியாக என்ன சொன்னாள் என்று மாமியார் அழுதுகொண்டே கேட்டபோது, "அம்மாவப் பாத்துக்குங்க" என்று சொன்னதாகச் சொன்னேன். அவர் அதைப் பிடித்துக்கொண்டு இருக்கிறார்.

அவள் அப்படிச் சொல்லவில்லை. ஆஸ்பத்திரியில் சேர்த்த முதல் நாள் சாயங்காலம், பகலவன் இளநீர் வாங்கக் கீழே போயிருந்தார். அன்று இரவே அவளுக்கு நினைவு தப்பிவிட்டது. டாக்டர் இரண்டாம் முறை கேட்டது அதற்கு மறுநாள்தான். அந்தச் சாயங்காலம் செம்மொழி என் கையைப் பிடித்து, யாருக்கும் கேட்காத குரலில் சொன்னாள்:

"நீங்க டீயில கலந்தது எனக்குத் தெரியும். டாக்டர்கிட்ட நீங்களே சொல்லிடுங்க. நான் சொன்னா உங்களுக்கு அசிங்கமாப் போயிடும்."