பாயிஜா போட்ட ஸ்லைடு

டீ ஆறுவதற்குள் குடித்துவிடுங்கள், தம்பி. விசாரிக்க வந்திருக்கிறீர்கள், நான் நிதானமாகத்தான் சொல்லப் போகிறேன்.

இந்த லேபுக்கு பாட்டில் கழுவ வந்தவள் நான். பார்த்துப் பார்த்தே, கிருமி பார்க்கும் கண்ணாடி ஸ்லைடில் சாயம் போடக் கற்றுக்கொண்டேன். முதலில் ஊதா, அப்புறம் அயோடின், அப்புறம் ஸ்பிரிட், கடைசியில் சிவப்பு. சில கிருமிகள் ஸ்பிரிட் ஊற்றினாலும் ஊதாவை விடாது. சிலது விட்டுவிட்டுச் சிவப்பைப் பிடித்துக்கொள்ளும். அதை வைத்துத்தான் இன்ன வகைக் கிருமி என்போம். ஸ்பிரிட்டை மட்டும் விநாடி எண்ணி ஊற்ற வேண்டும். அதிகமானால் எந்த ஊதாவும் கரைந்துபோகும். முப்பது வருஷத்தில் என் ரிசல்ட் ஒன்றுகூடத் தப்பென்று திரும்பி வந்ததில்லை.

குமரவேல் வடக்குத்து கிராமத்துக்காரன். மைன்ஸில் காண்ட்ராக்ட் வேலை. காலில் இரும்பு கிழித்து, மண் ஏறி, தொடை வரைக்கும் வீங்கிப்போய் ஆஸ்பத்திரியில் கிடந்தான். அவன் புண்ணின் சீழ் எங்களிடம் வந்தது. குச்சி குச்சியாக ஊதாக் கிருமிகள் தெரிந்தால் உடனே ஆபரேஷன், காலையே எடுக்க வேண்டி வரலாம். சிவப்பென்றால் மருந்து கொடுத்துப் பார்க்கலாம் என்றார் டாக்டர். நான் பார்த்தேன். சிவப்பு. போனில் சொல்லிவிட்டேன்.

புதிதாகச் சேர்ந்த பாயிஜா, படித்த பெண், அதே சீழில் தானாகவே இன்னொரு ஸ்லைடு போட்டிருந்தாள்.

"அமிர்தம்மா, எனக்கு ஊதாவா தெரியுதுங்க. நீங்க ஸ்பிரிட்ட கொஞ்சம் கூட வுட்டுட்டீங்களோ?"

முன்மேசையில் உட்காரும் தனம் சிரித்தாள். "பாட்டில் கழுவுனவங்களுக்குப் பட்டதாரி பாடம் எடுக்குது டோய்."

நான் கோபப்படவில்லை. "நீ போயி சாப்டுட்டு வா கண்ணு, நான் பாக்கறேன்" என்றேன்.

பார்த்தேன். ஊதாதான். தடித்த, தெளிவான குச்சிகள். தப்பு என் கையில் என்று அப்போதே புரிந்துவிட்டது. போன் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது.

அவள் ஸ்லைடின் மேல் ஸ்பிரிட் ஊற்றினேன். எண்ணவில்லை. ஊதா முழுக்க வடியும் வரைக்கும் ஊற்றினேன். பிறகு சிவப்பு போட்டு, கழுவி, காயவைத்து, அவள் வைத்திருந்த இடத்திலேயே வைத்தேன்.

பாயிஜா வந்து பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். "நான்தாங்க அவசரப்பட்டுட்டேன்" என்று கண் கலங்கினாள். தலையைத் தடவிக்கொடுத்தேன்.

மறுநாள் காலை ஷிப்ட் மாறும் நேரத்தில் குமரவேல் போய்விட்டான். அவன் மனைவி பவித்ரா லேப் வாசலுக்கே வந்துவிட்டாள்.

"காலு போனா போவட்டும், ஆளு இருந்தா போதும்னு சொல்லிக்கினே இருந்தேனேம்மா."

அவளுக்குத் தண்ணீர் கொடுத்தவளும் நான்தான்.

எழுதிக்கொள்ளுங்கள். ஊதா என்று தெரிந்துதான் செய்தேன். ஆனால் பொய் ரிசல்ட் கொடுத்தேன் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள், தம்பி. அந்த ஸ்லைடு இன்னும் பெட்டியில் இருக்கிறது. யாரை வேண்டுமானாலும் பார்க்கச் சொல்லுங்கள். நான் சொன்ன நிறம்தான் இருக்கும்.