ரெயின் கோட்டுக்கு அடித்த மருந்து

என் பெயர் பூங்காவனம், வயது 41, கணவர் பெயர் பச்சையப்பன். அண்ணனூர் ரயில் நிலையம் அருகே வசித்து வருகிறேன். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் பைக் ஓட்டுபவர்களுக்கு ரெயின் கோட் தைக்கும் கம்பெனியில் ஆறு வருடமாக வேலை செய்கிறேன். தைத்த கோட்டில் தண்ணீர் ஒட்டாமலிருக்க மருந்து போடுவது என் வேலை. என்னுடன் திருநின்றவூரைச் சேர்ந்த ரோஷினி, வயது 23, வேலை செய்து வந்தார்.

கடந்த 07.10.2024 திங்கட்கிழமை காலை 9 மணிக்குப் புது மருந்து கேன் வந்தது. அதில் ஒட்டியிருந்த ஆங்கிலச் சீட்டை ரோஷினி படித்து, துணியை முக்கித்தான் எடுக்க வேண்டும், தெளிக்கக் கூடாது என்று போட்டிருப்பதாக சூப்பர்வைசர் சரவணக்குமாரிடம் சொன்னார். அதற்கு அவர், "முக்கினா காய ரெண்டு நாள் ஆவும். மழை போனப்புறம் எவன் வாங்குவான்? ஸ்ப்ரே கன்னுலயே அடிங்க" என்றார். அதன் பிறகு, மருந்து காற்றில் வீணாகிறதென்று எக்ஸாஸ்ட் ஃபேனையும் அவரே நிறுத்தினார். நாங்கள் இருவரும் முகத்தில் துணி கட்டிக்கொண்டு அடித்தோம்.

சுமார் 11 மணிக்கு ரோஷினி, "அக்கா, நெஞ்ச அடைக்கிற மாதிரி கீதுக்கா" என்றார். நான், "இன்னும் பத்து கோட்டுதான், முடிச்சிட்டு வெளிய போய் ஒக்காரு" என்றேன். ஏழாவது கோட்டில் அவர் கீழே விழுந்தார். உதடு நீலமாக இருந்தது.

அதன் பிறகு ஆட்டோவில் மருத்துவமனைக்குக் கொண்டு போனோம். என்ன மருந்து என்று டாக்டர் கேட்டதற்குச் சரவணக்குமார், "சோப்புத் தண்ணி மாதிரிதான் சார்" என்றார். வேலை போய்விடும் என்ற பயத்தில் நான் அதை மறுக்கவில்லை. அரை மணி நேரம் கழித்து ரோஷினியின் தாயார் சாவித்திரி வந்து, என் கையில் காய்ந்திருந்த வெள்ளைப் பூச்சைப் பார்த்து, "இன்னாம்மா இது?" என்று கேட்டார். என்னால் அங்கே நிற்க முடியவில்லை. உடனே ஆட்டோ பிடித்துக் கம்பெனிக்குப் போய், குப்பையில் கிடந்த கேனைச் சேலைத் தலைப்பில் மூடி எடுத்து வந்து டாக்டரிடம் கொடுத்தேன். அவர் சீட்டைப் படித்துவிட்டு, துணியில் காய்ந்த பிறகு உடுத்துவது வேறு, இப்படிச் சாரலாக மூச்சில் இழுப்பது வேறு, நுரையீரல் கெட்டுவிடும் என்று சொல்லி, உடனே ரோஷினியை மூச்சு மெஷினில் போட்டார்.

மறுநாள் சரவணக்குமார் போன் செய்து, "அந்தக் கேனு நம்ம கம்பெனிது இல்லன்னு சொல்லிடுக்கா" என்றார். நான் போனை வைத்துவிட்டேன்.

நேற்று ரோஷினிக்குக் குழாயை எடுத்தார்கள். இன்னும் பேச்சு வரவில்லை. அதே காற்றில் நின்றதால் எனக்கும் எக்ஸ்ரே எடுத்திருக்கிறார்கள். ரிசல்ட் நாளை வரும். என் கணவருக்கு இது தெரியாது. ரிசல்ட்டைப் பார்த்த பிறகு பயத்தில் என் பேச்சு மாறிவிடுமோ என்று இன்றே போலீஸ் ஸ்டேஷனுக்கு வந்து சொல்கிறேன்.

நான் சொல்லி எழுதியதைப் படிக்கக் கேட்டேன். கூட்டியதும் இல்லை, குறைத்ததும் இல்லை; அத்தனையும் உண்மை.

(ஒப்பம்) ப. பூங்காவனம்
10.10.2024